கொள்ளைக்காரனுக்கு ஜப்பானிய மொழியில் என்ன பெயர்?

"குதிரை இல்லாம எப்படிடீ கொள்ளையடிப்பா? நடந்து வந்து, வாசல்ல செருப்பைக் கழட்டி வெச்சுட்டு, 'கொள்ளையடிக்க வந்திருக்கோம், கொஞ்சம் ஒதுங்கிக்கோங்கோ'ன்னு சொல்லுவாளா?"

"மலை இறங்கி வந்தவாளுக்குக் குதிரை எதுக்கு? எங்காத்துல தலைமுறை தலைமுறையா சொல்றது கால்நடைதான். கையில வேல்கம்பு, தலையில முண்டாசு. குதிரையெல்லாம் உங்காத்துல டீவி வாங்கினப்புறம் வந்தது."

"சாவித்ரி, அளந்து பேசு. நான் இந்தத் தெரு அசோசியேஷனுக்குப் பிரசிடெண்ட், கேட்டோ."

"பிரசிடெண்டா இருந்தா முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி குதிரை வந்துடுமா? நன்னாயிருக்கே!"

மாடியில் வகுப்பு முடித்துவிட்டுப் படியில் பாதி இறங்கிய மீரா, புத்தகக் கட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். கீழே பஜனை மண்டபத்தில் மல்லுக்கு நின்ற இருவரும் திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தில் அந்தத் தெருவைத் தாங்குகிற தூண்கள். நாகேஸ்வரன் மாமாவுக்கு எழுபத்தொரு வயது. அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், தெருவில் யாருக்கும் ஓய்வு கொடுக்காமல் பிரசிடெண்டாக இருப்பவர். சாவித்ரி மாமி செக்ரட்டரி. பிரசிடெண்ட் எதைச் சொன்னாலும் அதற்கு நேர்மாறாக மினிட்ஸ் எழுதுவது அவளுடைய பொறுப்பு.

சண்டை ஒரு போர்டைப் பற்றியது. பழைய தெருக்களையும் வீடுகளையும் சுற்றிப் பார்க்கிற ஜப்பான்காரர்கள் இருபத்திரண்டு பேர் அடுத்த வெள்ளிக்கிழமை தெருவுக்கு வருகிறார்கள். நாற்பது நிமிஷம் இருப்பார்கள். அதில் பதினைந்து நிமிஷம் காபிக்குப் போய்விடும். மிச்சம் இருபத்தைந்து நிமிஷத்தில் தெருவின் பெருமை முழுவதையும் அவர்களுக்குப் புகட்டியாக வேண்டும். அதற்காக நாலு மொழியில் போர்டு. தமிழும் மலையாளமும் இங்கிலீஷும் தயார். ஜப்பானிய மொழி மீராவின் பாடு.

பெருமை இதுதான். முன்னூறு வருஷத்துக்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கம் பெரியசெங்குளம் என்ற ஊரில் கொள்ளைக்கூட்டம் புகுந்தது. ராமசேஷன் என்ற மகான், அம்மன் நகைப்பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு, உயிரைப் பணயம் வைத்து, ஆரல்வாய்மொழி வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்து சேர்ந்தார். அந்தப் பெட்டி இன்றும் பஜனை மண்டபத்தில் இருக்கிறது. விஜயதசமி தோறும் ராமசேஷனின் மூத்த மகன் வம்சத்தில் வந்தவர் அதைத் தலையில் வைத்துத் தெருவை ஒரு சுற்று சுற்றுவார். பெண்கள் அவர் காலில் தண்ணீர் விடுவார்கள். முதல் தேங்காய், முதல் சுண்டல், முதல் மாலை எல்லாம் அவருக்கு. அந்த மூத்த மகன் வம்சம் தாம்தான் என்று நாகேஸ்வரன் மாமா சொல்கிறார். இல்லை, நாங்கள் என்று சாவித்ரி மாமி சொல்கிறாள். இந்த வழக்கு நாற்பது வருஷமாக நடக்கிறது. கழுத்து எலும்பு தேய்ந்து, டாக்டர் கனம் தூக்காதே என்று சொன்ன பின்னும், மாமா துண்டைச் சும்மாடாகச் சுற்றி வைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்குகிறார் என்றால் அந்த முதல் சுண்டலின் ருசியை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

"மீரா வந்தாச்சு! நீயே சொல்லு," என்றார் மாமா. "ஜப்பான் எழுத்து ரெடியா?"

"ஒரு வார்த்தைதான் மாமா இடிக்கறது. மூணு வார்த்தைன்னும் சொல்லலாம்."

இங்கிலீஷ் வாசகத்தை எழுதியவர் மாமாவே. ஒரு சொல்லோடு அவருக்குத் திருப்தி வரவில்லை. 'ரெய்டர்ஸ், பேண்டிட்ஸ் அண்ட் ப்ளண்டரர்ஸ்' என்று மூன்றையும் அடுக்கியிருந்தார்.

"ரெய்டுன்னா இன்கம்டாக்ஸ்காரா வரது அல்லே?" என்றாள் சாவித்ரி மாமி.

"வாயை மூடு. மீரா, உனக்கு என்ன சந்தேகம்?"

"அவா எங்கேர்ந்து வந்தா மாமா?"

"யாரு, ஜப்பான்காராளா?"

"கொள்ளைக்காரா."

"கொள்ளைக்காரன்னா கொள்ளைக்காரன். அவன்கிட்ட அட்ரஸ் ப்ரூஃபா கேப்பா?"

மீரா கீழ்ப்படியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். மூன்று நாளாக அந்தப் பக்கத்தோடு மல்லாடியிருந்தாள். "தமிழ்ல பொதுவா சொல்லிட்டுப் போயிடலாம் மாமா. அவா பாஷையில ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனிப் பேர். மலையில பதுங்கியிருந்து இறங்கறவன் சன்ஸோகு. கடல்ல வரவன் கைஸோகு. வழியில மறிச்சு, கட்டின வேஷ்டியைக்கூட உருவிண்டு விடறவன் ஓயிஹகி. வயக்காட்டுல கூட்டமா திரியறவா யதோ. ரியகுதத்ஸுஷான்னு ஒண்ணு இருக்கு, சூறையாடறவன். அது நியூஸ் வாசிக்கற மாதிரி விறைப்பா இருக்கும்."

"குதிரையில வந்தா?"

"பஸோகு. ஆனா அதைப் போட்டா படிக்கறவாளுக்கு மஞ்சூரியாதான் ஞாபகம் வரும்."

"மஞ்சூரியனெல்லாம் நம்மாத்துல கிடையாது," என்றாள் மாமி அவசரமாக.

"அது ஒரு தேசம் மாமி."

"எதுவா இருந்தா என்ன, வேண்டாம். கால்நடைன்னே போடு."

"குதிரைன்னு போடு!"

"அவாளுக்குத் தெரியும் மாமா, சும்மா ஒண்ணைப் போட முடியாது. போர்டுல அடியில என் பேர் வேற வரப் போறது."

மீராவுக்கு நாற்பத்து மூன்று வயது. கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருஷம், ஜப்பான் இயந்திரங்களின் கையேடுகளை மொழிபெயர்த்துக் கொடுத்தவள். போன வருஷம் அந்தக் கம்பெனி, இனிமேல் கம்ப்யூட்டரே மொழிபெயர்த்துக்கொள்ளும் என்று சொல்லி, ஒரு பூச்செண்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இப்போது அவள் கையில் மிஞ்சியது இந்த வகுப்பு. பதினோரு நர்ஸ்கள். ஜப்பானில் வேலைக்குப் போக வேண்டும் என்றால் டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை பரீட்சை எழுதித் தேற வேண்டும். ஐந்து வாரம்தான் பாக்கி. பலர் நைட் டியூட்டி முடித்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் காலை ஆறரைக்கு வந்து உட்காருவார்கள். ரெஷ்மா என்ற பெண் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து இறங்கி வந்து தம்பானூரில் லாட்ஜ் எடுத்துத் தங்கிப் படிக்கிறாள். அவளுடைய அம்மா கொழுந்து பறிப்பவள். இவர்கள் தேறினால்தான் அடுத்த வகுப்புக்கு ஆள் வரும். வராவிட்டால் மீரா முறுக்கு சுற்றத்தான் போக வேண்டும் என்று அவள் கணவனே வேடிக்கையாகச் சொல்லியிருந்தான். அதில் வேடிக்கை பாதிதான்.

வகுப்பு நடப்பது மண்டபத்து மாடியில், அசோசியேஷன் தயவில். அந்த மாடிச் சாவியை நாகேஸ்வரன் மாமா பூணூலில் முடிந்து வைத்திருந்தார். வேறு யாரிடமும் தரமாட்டார். ஆகவே தினமும் காலை ஆறேகாலுக்கு அவரே வந்து, வில்லாக வளைந்து, தன் நெஞ்சைப் பூட்டோடு ஒட்டவைத்துத் திறந்துவிடுவார். பதினோரு நர்ஸ்களும் பின்னால் வரிசையாக நின்று, அந்தக் காட்சியை மரியாதையோடு பார்ப்பார்கள்.

ஆகவே மீரா அன்றைக்கு வளைந்து கொடுத்தாள். யதோ என்ற சொல்லைப் போட்டு ஒரு பத்தியை எழுதி, "இது தற்காலிகம்தான் மாமா" என்ற குறிப்போடு, மாமாவின் வாட்ஸாப்புக்கு அனுப்பினாள். மாமா அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நன்னா கோலம் போட்ட மாதிரி இருக்கு" என்று பாராட்டினார்.

புதன்கிழமை போர்டுக்கு அளவெடுக்க லிங்கராஜ் வந்தார். சாலைக் கடைத்தெருப் பக்கம் ஒரு போர்டுக் கடையில் ஃப்ரேம் அடித்து மாட்டுகிற வேலை அவருக்கு. ஐம்பதை நெருங்கியவர். திருவனந்தபுரத்துக்கு வந்து இருபது வருஷம் ஆனாலும் பேச்சு இன்னும் தாமிரபரணியைத் தாண்டவில்லை. டேப்பைச் சுவரில் பிடித்தவர், தமிழ் வாசகத்தைப் படித்துக்கொண்டே வந்து, பெரியசெங்குளம் என்ற இடத்தில் நின்றார்.

"டீச்சரே, இது எங்க ஊருல்லா!"

"அப்படியா? உங்க ஊரா?"

"பொறந்த ஊரு. எங்க அம்மைக்கு அம்மை எல்லாம் அங்கனதான்." மேலே இரண்டு வரி படித்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. "பெட்டியா? எந்தப் பெட்டி?"

நாகேஸ்வரன் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. சொந்த மூலஸ்தானத்திலிருந்து ஒரு ஆளே வந்து நிற்கிறான்! "வாருங்கோ, வந்து சேவிச்சுக்கோங்கோ," என்று கூப்பிட்டுப் பட்டுத்துணியை விலக்கினார். தேக்குப்பெட்டி, மூலைக்கு மூலை பித்தளை. தாழ்ப்பாள் ஒரு பித்தளைக் கிளி. கிளிக்கு ஒரு கண்ணில் சிவப்புக்கல். மற்றக் கண் பொட்டை.

லிங்கராஜ் டேப்பைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஒத்தைக்கண்ணுக் கிளிப்பெட்டி! தாயே! இது இங்கனயா கெடக்கு?"

"பார்த்தியா சாவித்ரி! ஊர்க்காரா இன்னும் மறக்கலை!"

"எப்படி சார் மறக்க? வருசா வருசம் வெரட்டுதோம்லா."

"என்னது?"

லிங்கராஜுக்கு மறைக்கத் தெரியவில்லை; மறைக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. சொன்னார். பெரியசெங்குளத்தில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் மூன்றாம் நாள் மத்தியானம் 'பெட்டிக்கள்ளன் வெரட்டு' என்று ஒன்று உண்டு. நேர்ந்துகொண்ட ஒரு ஆள், ஒற்றைக்கண் கிளி வைத்த பெட்டி ஒன்றைத் தலையில் தூக்கிக்கொண்டு மேற்குத் திக்காக ஓட வேண்டும். ஊர்ப்பெண்கள் விளக்குமாற்றோடு பின்னாலேயே ஓடுவார்கள். குளத்தங்கரையில் மடக்கி, நாலு சாத்துச் சாத்தி, பெட்டியைப் பிடுங்கித் திறப்பார்கள். உள்ளே ஒரு தேங்காயும் கருப்பட்டியும் இருக்கும். கருப்பட்டி அடி வாங்கியவனுக்கு.

"நானே மூணு வருசம் பெட்டி தூக்கி ஓடிருக்கேன். பிள்ளை இல்லாம நேந்துக்கிட்டது. சும்மா சொல்லப்படாது, எங்க மதினி அடிச்ச அடியில முதுகு ஒரு வாரம் கன்னிப் போச்சு."

"பேரு... பேரு ஏதாவது சொல்லுவேளா?" மாமாவின் குரல் இறங்கியிருந்தது.

"'ஏ ராமசேசா, அம்மன் பெட்டியைக் குடு! ஏ ராமசேசா, நீ ஓடுத ஓட்டமென்ன!' இப்படித்தான் கத்திக்கிட்டே ஓடி வருவாளுவ."

மீராதான் கேட்டாள்.

"அண்ணாச்சி, அப்போ கொள்ளைக்காரங்க? அவங்க எங்கேர்ந்து வந்தாங்க? மலையா, குதிரையா?"

"எங்க வந்தாங்க டீச்சர்? ராமசேசன்தான் தப்படிக்கச் சொல்லி, 'கொள்ளைக்கூட்டம் வருது, எல்லாவனும் மாடுகண்ணைப் பத்திக்கிட்டுக் கொளத்துக்கு அந்தாண்ட போயிருங்க, பெட்டியை நான் பாத்துக்கிடுதேன்'னு சொன்னாராம். சனம் பூராம் ரெண்டு நாளு முள்ளுக்காட்டுல கெடந்துச்சு. திரும்பி வந்து பாத்தா நெல்லு அங்கனயே இருக்கு, வெளக்கு அங்கனயே இருக்கு, கோழி அதுபாட்டுக்கு மேயுது. பெட்டியை மட்டும் காங்கலை. கோழியை விட்டுட்டுப் போற கொள்ளைக்காரன் உண்டுமா?"

சொல்லிவிட்டு, மாமாவைப் பார்த்துக் கள்ளமில்லாமல் கேட்டார்: "உள்ள நகை இருக்குல்லா சார்?"

மாமா பட்டுத்துணியை மூடினார்.

பெட்டி காலி என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். நகை எங்கே என்று கேட்பது மட்டும் அநாகரிகம் என்று வைத்திருந்தார்கள். நாகேஸ்வரன் மாமா வீட்டு முற்றம் எப்படி இவ்வளவு பெரியது, சாவித்ரி மாமி குடும்பத்துக்கு எப்படி நாலு வீடு என்பதெல்லாம் ராமசேஷனின் புண்ணியக் கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தது.

முதலில் சுதாரித்தது சாவித்ரி மாமி. நாற்பது வருஷ வழக்கை நாற்பது வினாடியில் வாபஸ் வாங்கினாள்.

"நாகேஸ்வரண்ணா, யோசிச்சுப் பாத்தா நீங்க சொல்றதுதான் ஷெரி. மூத்தவன் வம்சம் நீங்கதான்."

"என்னடீ திடீர்னு?"

"நாங்க இளையவன் வழின்னு எங்கம்மா ஒரு தடவை சொன்ன ஞாபகம். வழின்னாலும் நேர் வழி இல்லை. தத்துப்பிள்ளை. ரத்த சம்பந்தமே கிடையாது, கேட்டேளா. மினிட்ஸ்ல எழுதிடட்டுமா?"

"நீ சும்மா இரு! பெட்டி கனம் தெரியுமோ உனக்கு? ஒத்தை ஆளால ஆரல்வாய்மொழி வரைக்கும் தூக்க முடியாது. ரெண்டு பேர் தூக்கிருக்கா. உங்க முப்பாட்டனும் கூடப் பிடிச்சிருக்கான்!"

"ஐயே, எங்காத்துல எல்லாருக்கும் அப்பவே மூட்டுவலி!"

நாகேஸ்வரன் மாமா லேசுப்பட்ட ஆள் இல்லை. முப்பத்து நாலு வருஷம் அரசாங்க ஃபைலில் கறுப்பை வெளுப்பாக நோட் எழுதியவர். இரண்டு தடவை மண்டபத்தைச் சுற்றி வந்தார், முகம் தெளிந்துவிட்டது.

"இதுல என்ன குறைச்சல்? முன்னூறு வருஷமா ஒரு ஊரே கூடி நின்னு, பேர் சொல்லிக் கூப்பிடறா! எத்தனை பேருக்கு இந்த பாக்கியம் கிடைக்கும்? மீரா, இதையும் சேத்துடு. 'மகானின் பிறந்த ஊரில் அவர் நினைவாக ஆண்டுதோறும் விழா எடுக்கப்படுகிறது.'"

"விளக்குமாத்தால அடிக்கறா மாமா."

"ஆராதனை ஊருக்கு ஊர் மாறும். நமக்குப் புஷ்பம், அவாளுக்குத் தொடப்பம்."

லிங்கராஜ், வந்த வேலையைப் பார்ப்போம் என்று டேப்பை எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மீரா வாசகத்தைத் திரும்ப எழுத உட்கார்ந்தாள். கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தாள், அரைமணியில் முடிந்துவிட்டது. மூன்று நாளாக அகப்படாத சொல், இப்போது தானாக வந்து நின்றது. ஜப்பானில் கஜிபாதொரோபோ என்று ஒரு சொல் உண்டு. ஊர் தீப்பற்றி எரியும்போது, அணைக்க ஓடுகிறவர்களோடு தானும் ஓடி, ஆளில்லாத வீட்டில் புகுந்து எடுத்துக்கொண்டு போகிறவன். ராமசேஷனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. இந்த மனுஷர் தீயையே வாயால் மூட்டியவர் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

ஆனாலும் அவள் நியாயமாகவே எழுதினாள். இந்தப் பெட்டி இங்கே வந்ததற்கு இரண்டு கதை உண்டு. யதோக்களிடமிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்தார் என்பது இந்தத் தெருக் கதை. யாரும் வரவில்லை, அவர் ஒரு கஜிபாதொரோபோ என்பது பெட்டி புறப்பட்ட ஊரின் கதை. இரண்டு ஊரிலும் ஆண்டுதோறும் இந்தப் பெட்டிக்குத் திருநாள் உண்டு. அவ்வளவுதான்.

மாமாவுக்கு அது கோலம். அப்படியே அனுப்பினால் "பேஷ்" என்று சொல்லிவிட்டுப் பிரஸ்ஸுக்கு அனுப்பிவிடுவார். சாவி பூணூலில் இருக்கும், வகுப்பு நடக்கும், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஜப்பான்காரர்கள் படிப்பார்கள். யாருக்கும் தெரியாது. மீராவின் விரல் அனுப்புகிற பொத்தானுக்கு மேல் வெகுநேரம் நின்றது. படிக்கத் தெரியாத மனுஷரிடம், அவர் முன்னோரையே திருடன் என்று எழுதிக் கையெழுத்து வாங்குவதற்கு என்ன பெயர்? அதற்கும் ஜப்பானிய மொழியில் ஒரு சொல் இருக்கும். அதைத் தேட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் மாமாவை உட்கார வைத்து, வரி வரியாகத் தமிழில் சொன்னாள். கஜிபாதொரோபோவுக்கும் அர்த்தம் சொன்னாள்.

மாமா அந்தக் கோலத்தை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். பிறகு கேட்டார்: "இது ஜப்பான்காராளைத் தவிர வேற யாருக்கும் புரியாதே?"

"புரியாது மாமா. ஆனா போர்டே அவாளுக்காகத்தானே?"

"பின்னே என்னத்துக்கு இதை என்கிட்ட சொன்னே?"

"உங்ககிட்ட சொல்லாம போட்டா அது ஷெரியில்லை."

"அப்போ போடாதே. முதல்ல அனுப்பினியே, அது போறும்."

"அது பொய்னு தெரிஞ்சப்புறம் என் பேரோட போட முடியாது மாமா. பேரை எடுத்துடுங்கோ."

"ஜப்பான்காரா கேப்பாளே, யார் எழுதினதுன்னு? பேர் இருந்தாத்தான் வெயிட்டு." மாமா பூணூலைத் தடவினார். சாவி கையில் தட்டுப்பட்டது. "மேல சுவரெல்லாம் பூசணம் பிடிச்சிருக்கு. பெயிண்ட் அடிக்கணும்னு கமிட்டி ரொம்ப நாளா சொல்லிண்டிருக்கு. ரெண்டு மாசம் ஆகும், கேட்டோ."

"பரீட்சைக்கு இன்னும் அஞ்சு வாரம்கூட இல்லை மாமா. பதினோரு பேர்."

"பெயிண்ட் வாசனை அந்தக் குழந்தைகளுக்கு ஆகாது. நான் அவா நல்லதுக்குத்தான் சொல்றேன். நீ யோசி. ஒரு வார்த்தைதானே?"

மீரா யோசித்தாள். ரெஷ்மா படியில் உட்கார்ந்து தூக்கக் கலக்கத்தோடு எழுத்துகளை முழங்கையில் விரலால் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தைதான். பன்னிரண்டு வருஷம் இயந்திரக் கையேட்டில், 'இந்தத் திருகைத் திருப்பாதே' என்பதை 'திருப்பலாம்' என்று அவள் ஒரு நாளும் எழுதியதில்லை.

"பெயிண்ட் அடிச்சுக்கோங்கோ மாமா," என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை மாடியில் பூட்டு தொங்கியது. பெயிண்ட் டப்பா ஒன்றுகூட வரவில்லை. நர்ஸ்கள் தெருவில் நின்று பாடம் படித்தார்கள். பால்காரனும் பேப்பர்காரனும் சேர்ந்து படித்தார்கள். சாவித்ரி மாமி இரக்கப்பட்டுத் தன் வீட்டு முன்னறையைத் தருகிறேன் என்றாள்.

"ஆனா மூணு பேர் போறும். டிபன் பாக்ஸைத் தெருவுலயே வெச்சுட்டு வரணும், அதுல மீன் இருக்கும். முட்டையும் கூடாது. பின்னே, எங்காத்துக்கும் ராமசேஷனுக்கும் சம்பந்தமில்லைன்னு ஜப்பான் பாஷையில ஒரு காயிதம் எழுதித் தரணும்."

"பாக்கி எட்டுப் பேர் மாமி?"

"அதுக்கு நான் என்ன செய்யறது? என் ஆத்தைக் கொள்ளையடிக்கவா பாக்கறே?"

சனிக்கிழமை போர்டு வந்துவிட்டது. மாமா, வாட்ஸாப்பில் இருந்த அந்த முதல் வாசகத்தையே கொடுத்திருந்தார். யதோக்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். அடியில் 'ஜப்பானிய மொழியாக்கம்: மீரா' என்று அவள் பெயர் பளபளத்தது. மாமா குறுக்கே நின்று மேற்பார்வை பார்க்க, லிங்கராஜ் ஏணியில் ஏறி மாட்டினார். மாட்டிவிட்டு இறங்கி, மீராவின் வீட்டு வாசலுக்கு வந்து தலையைச் சொறிந்தார்.

"டீச்சரே, ஒரு தப்பு நடந்துபோச்சு. கீழ் கிளாம்பு கொஞ்சம் அகலமாப் போயிட்டு. உங்க பேரு மேலயே வச்சு முடுக்கிட்டேன். சார் ஏசுதாரு. களத்தினா போர்டு விழுந்துரும்னு சொல்லிட்டேன்."

மீராவுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

"சொல்லாம செஞ்சுருக்கீங்களே அண்ணாச்சி?"

"அடி வாங்கிப் பழகுன முதுகுதானே டீச்சர்."

பெயர் மறைந்தது, பூட்டு திறக்கவில்லை. ஜப்பான்காரர்கள் வருகிற வெள்ளிக்கிழமை வந்து அந்தப் போர்டைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். மீரா அன்றைக்கு அந்தத் தெருவில் இருக்கப்போவதில்லை. பதினோரு பேரும் எங்கே உட்கார்ந்து படிப்பது என்பதுதான் அவளுடைய இப்போதைய கேள்வி.

இதைப் படித்தவர்களிடம் கேட்பது இரண்டு விஷயம். ஜப்பானிய மொழி நன்றாகத் தெரிந்தவர்கள், வராத கொள்ளைக்காரனுக்கு அங்கே ஏதாவது பெயர் உண்டா என்று சொல்லுங்கள். மீரா நோட்டில் எழுதி வைத்துக்கொள்வாள். அதைவிட அவசரம் மற்றது. ஸ்ரீவராகம், மணக்காடு, கோட்டை, சாலை, தம்பானூர் இந்தப் பக்கம் யார் வீட்டிலாவது, கடை மாடியிலாவது, பதினோரு பேர் உட்காரக் கூடிய ஒரு அறை இருக்கிறதா? ஒரு ஃபேன் போதும். காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை, டிசம்பர் முதல் ஞாயிறு வரைக்கும்தான். டிபன் பாக்ஸில் மீன் இருக்கும், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இடம் இருப்பவர்கள் தயவு செய்து இதற்குக் கீழே பதில் போடுங்கள்.